ஜும்பா ஆடலாமா? முழங்கால், சர்க்கரை, மனசு: ஒரு பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

எங்கள் தெரு ஜும்பா (பாட்டுக்கு ஆடும் உடற்பயிற்சி) வகுப்பில் "மாதம் 5 கிலோ குறையும்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நம்பலாமா மேடம்?

வேண்டாம். ஒரு மணி நேரம் வியர்க்க ஆடினால் சுமார் 300 முதல் 500 கலோரி செலவாகும். அதுவும் உங்கள் எடை, வேகத்தைப் பொறுத்தது. வரும் வழியில் ரெண்டு வடையும் ஒரு காபியும் உள்ளே போனால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். எடைக்கு சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். ஆட்டம் தருவது வேறு: மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறையும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும், ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

எனக்கு 48 வயது. ஆடிய மறுநாள் முழங்கால் வலிக்கிறது. நிறுத்திவிடவா?

முதலில் ஷூவைப் பாருங்கள். ஓடுவதற்கான ஷூவின் அடிப்பாகம் தரையைக் கவ்விப் பிடிக்கும். ஜும்பாவிலோ பக்கவாட்டில் நகர்வதும் திரும்புவதும்தான் அதிகம். இடுப்பு திரும்பி பாதம் திரும்பாமல் நின்றால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். அடிப்பாகம் அதிகம் கவ்வாத ஷூ வாங்குங்கள், திரும்பும்போது குதிகாலை லேசாகத் தூக்குங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸோடு ஆடவே ஆடாதீர்கள், வழுக்கும்.

குதிக்கும் இடங்களில் நீங்கள் மார்ச் செய்தால் போதும். மாஸ்டர் முறைத்தால் முறைக்கட்டும். கூடவே வாரம் ரெண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து பழகுங்கள். தொடை தசை வலுத்தால் முட்டியின் சுமை குறையும். ஆட்டம் மட்டும் அந்த வலுவைத் தராது. முட்டி வீங்கினாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டாலோ, வகுப்பை விட்டுவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் சார்–மேடம் யாராயினும் சொல்லுங்கள், எவ்வளவு ஆடலாம்?

மேடம்தான்! உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியாவது வேண்டும் என்கிறது. மிதம் என்றால், ஆடும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம், சர்க்கரை திடீரென இறங்கும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதம் மரத்துப் போகிறதென்றால் வெறுங்காலோடு ஆடாதீர்கள்.

அம்மாவுக்கு 70 வயது. நடனம் மறதி நோயைத் தடுக்கும் என்கிறார்களே?

தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2003இல் வெளியானது. அதில் கேட்டறிந்த உடற்பயிற்சிகளில், நடனம் ஆடியவர்களிடம் மட்டுமே மறதி நோய் குறைவாக இருந்தது. ஆனால் மூளை நன்றாக இருப்பவர்கள்தான் ஆடப் போனார்களோ என்னவோ! எனக்குப் பிடித்த காரணம் வேறு: அடுத்த ஸ்டெப்பை ஞாபகம் வைத்து, தாளம் பிடித்து, பக்கத்து ஆளை இடிக்காமல் நகர்வது மூளைக்கும் வேலைதான். தடுமாறாமல் நிற்கவும் பழக்கும். அம்மாவை நிதானமான வகுப்பில் சேருங்கள்.

மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். வகுப்பில் சேர்ந்தபின் மனசு லேசாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாமா அக்கா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் தம்பி. லேசாக இருப்பது உண்மைதான். பாட்டும், உடல் அசைவும், பத்துப் பேரோடு ஒரே தாளத்தில் ஆடுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதா என்று அவர் பார்ப்பார். மனசு சரியில்லாத நாளிலும் போய்க் கடைசி வரிசையில் நில்லுங்கள். ஸ்டெப் தப்பினாலும் பரவாயில்லை.