வானியல் கேள்வி–பதில்: நீல விண்மீனுக்கு நிறம் பார்த்தால் போதுமா?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் கடலூர், புதுச்சேரிப் பக்கம் வானம் தெளியும். தை, மாசியில் மொட்டை மாடிக்குக் கருவியைத் தூக்கிச் சென்றவர்களின் கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. பெரும்பாலானவை ஓ, பி வகை விண்மீன்களை, அதாவது மிகச் சூடான நீல விண்மீன்களைப் பற்றியவை. வகையெழுத்தை அடுத்து வரும் எண் சிறிதாக இருந்தால் சூடு அதிகம்.

கே: பி (நீலம்), வி (பச்சை–மஞ்சள்) வடிகட்டிகளில் படம் எடுத்து, இரண்டின் பொலிவு வித்தியாசமான பி-வி நிறக்குறியீட்டிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டேன். ஒரே விண்மீனுக்கு ஒரு நாள் 22,000 கெல்வின், இன்னொரு நாள் 35,000 கெல்வின் என்று வருகிறது. கணக்கில் பிழையா?
— கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

கணக்கில் பிழை இல்லை. நிறத்திடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். 30,000 கெல்வின் சூடுள்ள பொருளின் ஒளி உச்சம் ஏறத்தாழ 97 நானோமீட்டரில், புற ஊதாவின் ஆழத்தில் இருக்கிறது. நாம் அளக்கும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான பகுதி அந்த வளைவின் வால். விண்மீன் எவ்வளவு சூடேறினாலும் வாலின் சரிவு அநேகமாக மாறாது. பி0 வகை முதன்மை வரிசை (மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும்) விண்மீனுக்கு 30,000 கெல்வின், பி-வி −0.30. ஓ5 வகைக்கு சுமார் 42,000 கெல்வின், பி-வி −0.33. வெப்பநிலையில் 12,000 வித்தியாசம் இருந்தும் நிறத்தில் 0.03 பொலிவெண்தான் மாறுகிறது (பொலிவெண் பிரகாசத்தின் அளவு; எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்). மாடியில் வைத்து அளக்கும் யாருக்கும் அந்த அளவு பிழை வந்தே தீரும்.

தூசு வேறு குறுக்கே நிற்கிறது. சூடான விண்மீன்கள் பெரும்பாலும் தொலைவில், பால்வீதித் தளத்தை ஒட்டியே இருப்பதால் இடையிலுள்ள தூசு நீலத்தைத் தின்றுவிடும். அளந்த பி-வியிலிருந்து அந்த வகைக்குரிய இயல்பான பி-வியைக் கழித்தால் வருவது நிற மிகை. அதை 3.1-ஆல் பெருக்கினால் வி பட்டையில் தூசு மறைத்த அளவு கிடைக்கும். 0.1 மிகைக்கே 0.31 பொலிவெண் போய்விடும். ஆனால் இயல்பான பி-வி என்னவென்று தெரிய வகை தெரிந்திருக்க வேண்டும். வகையை நிறமாலைதான் சொல்லும். ஆகவே நிறமாலையை முதலில் எடுங்கள், பொலிவை அப்புறம் அளக்கலாம்.

நிறமாலையில் பார்க்க வேண்டியவை இரண்டு. அயனியான ஹீலியத்தின் 454.1 நானோமீட்டர் வரி தெரிந்தால் ஓ வகை. நடுநிலை ஹீலியத்தின் 447.1 வரி அதற்குச் சமமான வலிமையில் இருந்தால் ஓ7. ஹீலியத்தில் நடுநிலை அணுக்கள் மட்டுமே வரி தந்தால் பி வகை. அந்த வரிகள் பி2 அருகே உச்சம் தொடும். எந்தச் சூட்டில் எந்த அணு எவ்வளவு அயனியாகும் என்பதற்கு மேகநாத் சாஹா 1920-இல் தந்த சமன்பாடுதான் இதற்கெல்லாம் அடிப்படை. அடுத்தது ஹைட்ரஜன் வரிகளின் அகலம். பெரும் பூதங்களின் வளிமண்டலத்தில் அழுத்தம் குறைவு என்பதால் வரிகள் ஒல்லியாக இருக்கும். பெரும் பூதமான ரிகெலை, பூதமல்லாத சிரியஸோடு ஒப்பிட்டால் சிறு கருவியிலேயே இந்த வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று. வி பொலிவை வைத்து மொத்த ஒளிர்திறனைச் சொல்லிவிடாதீர்கள். வி பொலிவிலிருந்து மொத்த ஒளிக்குப் போக, பி0 விண்மீனுக்குத் திருத்தம் சுமார் −3 பொலிவெண். அதாவது 16 மடங்கு. மீதி ஒளி புற ஊதாவில் போகிறது, அதை ஓசோன் தரைக்கு விடாது. 2015 செப்டம்பரில் ஏவப்பட்ட இந்திய விண்கலமான ஆஸ்ட்ரோசாட்டில் புற ஊதாத் தொலைநோக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் உள்ள கீற்றணி (ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் தகடு) வாங்கினேன். டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 100 மி.மீ. லென்ஸும் உண்டு. வானத்தைத் தொடரும் மோட்டார் கிடையாது. ஏதாவது தேறுமா?
— மஞ்சக்குப்பம் வாசகர்

நன்றாகவே தேறும். மோட்டார் இல்லாததை வசதியாக மாற்றிக்கொள்ளலாம். கீற்றணியை லென்ஸின் முன்னே குறைப்பு வளையம் போட்டுப் பொருத்துங்கள். நிறமாலை வடக்கு–தெற்காக விழும்படி கீற்றணியையும் கேமராவின் நீளவாட்டத்தையும் திருப்புங்கள். விண்மீன் கிழக்கு–மேற்காக நகர்வதால், மெல்லிய கோடாக இருக்க வேண்டிய நிறமாலை தானே அகலமாகி ரிப்பன் போல ஆகும். வரிகள் குறுக்குக் கோடுகளாகத் தெரியும். நிறமாலை சாய்ந்திருந்தால் வரிகள் மங்கிவிடும். விண்மீனின் நேர் பிம்பம் (கீற்றணி பிரிக்காமல் விடும் புள்ளி) விட்டுச்செல்லும் தடமும் நிறமாலையும் செங்கோணத்தில் இருக்கின்றனவா என்று ஒரு படம் எடுத்துச் சரிபார்த்து, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

கேமராவின் பிக்சல் 4 மைக்ரான் என்றால், இந்த அமைப்பில் ஒரு பிக்சலுக்கு 0.4 நானோமீட்டர். நேர் பிம்பத்திலிருந்து ஹைட்ரஜன் பீட்டா வரி (486.1) சுமார் 1,215 பிக்சல் தள்ளி விழும். 700 நானோமீட்டர் வரை சென்சாரில் 7 மி.மீ. போதும். நேர் பிம்பத்தை ஒரு ஓரத்தில் வைத்தால் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும்.

வான நடுக்கோட்டருகே விண்மீன் நொடிக்குச் சுமார் 1.8 பிக்சல் நகரும். எனவே 10 நொடி திறந்தால் 18 பிக்சல் அகல ரிப்பன் கிடைக்கும். 60 நொடி திறந்தால் அகலம்தான் கூடும், பிரகாசம் கூடாது. ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைப்பது அதே அரை நொடி ஒளிதான். மங்கலானவற்றுக்கு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, பல படங்களைச் சேர்க்க வேண்டும். மூன்றாம் பொலிவெண் வரை எதிர்பார்க்கலாம். ஃபோகஸை நேர் பிம்பத்தில் வைக்காதீர்கள், நிறமாலையின் வரிகளில் வையுங்கள். படங்கள் ரா வடிவில் இருக்கட்டும்.

முதலில் சிரியஸ். அதன் 486.1, 434.0, 410.2 வரிகள் அளவுகோல் குறிக்க உதவும். பிறகு ரிகெல், அப்புறம் ஓரியன் இடுப்புப்பட்டையின் நடு விண்மீனான ஆல்நிலாம். 490–500, 580 நானோமீட்டர் அருகே அகலமான பள்ளங்கள் தெரிந்தால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கேமராவின் நீல, பச்சை, சிவப்பு வடிகட்டிகள் சந்திக்கும் இடங்கள் அவை. வகை தெரிந்த ஒரு விண்மீனின் நூலக நிறமாலையை வைத்துக் கருவியின் பதிலைக் கண்டுபிடித்து, அதால் வகுத்தால் பள்ளம் போய்விடும். 687 அருகே வருவது பூமியின் ஆக்சிஜன்.

கே: பாய்மரக் கூட்டத்தில் காமா வெலோரம் விண்மீனை எடுத்தேன். கறுப்பு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் பிரகாசமான திட்டுகள் தெரிகின்றன. கீற்றணி கெட்டுவிட்டதா?
— காலாப்பட்டு வாசகர்

கெடவில்லை. வானிலேயே மிகப் பிரகாசமான வூல்ஃப்–ராயே விண்மீன் (வெளிப்படலத்தை வீசியெறியும் மிகச் சூடான வகை) அது. கூடவே ஒரு ஓ வகைத் துணையும் உண்டு. விண்மீனிலிருந்து வீசும் அடர்ந்த வாயுவில் கார்பன் ஒளிர்வதால் 465, 569.6, 581 நானோமீட்டரில் உமிழ்வு வரிகள் வருகின்றன. புதுச்சேரியிலிருந்து உச்சியில் 31 பாகை உயரம்தான் ஏறும். மார்ச் நடுவில் இரவு 9 மணி நல்ல நேரம். வட இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது கிடைப்பதே கஷ்டம். பக்கத்திலேயே ஸீட்டா பப்பிஸ், ஓ4 வகை, 38 பாகை வரை ஏறும். அதன் ஹீலியம் வரிகள் உங்கள் கீற்றணிக்கு எட்டாது. 1890-களில் வானியலாளர் பிக்கரிங் அவற்றை விசித்திரமான ஹைட்ரஜன் என்று எண்ணினார். 1913-இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர்தான் அவை அயனியான ஹீலியம் என்று தெளிவாக்கினார்.

கே: அனுஷத்தின் நடு விண்மீனான டெல்டா ஸ்கார்ப்பியை அளந்து வருகிறேன். நாளுக்கு நாள் 0.2 பொலிவெண் ஆடுகிறது. உண்மையான மாற்றமா?
— தேவனாம்பட்டினம் வாசகர்

அது மாறும் விண்மீன்தான். 2000-இல் 2.3-லிருந்து பிரகாசமாகி, பிறகு 1.6 வரை போனது. அர்ஜென்டினாவில் ஓர் ஆர்வலர் வெறும் கண்ணால்தான் முதலில் கவனித்தார். ஆனாலும் 0.2 ஆட்டத்தை விண்மீன் மேல் போடும் முன் கடற்கரையைச் சந்தேகியுங்கள். கடல் மட்டத்தில் ஈரமும் உப்பும் கலந்த காற்று, தலைக்கு மேலேயே வி பட்டையில் 0.3 பொலிவெண் அளவுக்கு ஒளியை மறைக்கும். தலைக்கு மேலுள்ள காற்றின் தடிமனை 1 என்று வைத்தால், 30 பாகை உயரத்தில் அது 2.0, 35 பாகையில் 1.74. ஒப்பீட்டு விண்மீன் 5 பாகை மேலே இருந்தாலே 0.08 பிழை வந்துவிடும். கடலுக்கு மேல் உதித்தவுடன் அளப்பது வீண். 45 பாகையைத் தாண்டும்வரை பொறுங்கள். டெல்டா உங்கள் ஊரில் 55 பாகை வரை ஏறும்.

ஒப்பீட்டுக்குக் கேட்டையை எடுத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதுவே மாறும் விண்மீன், சிவப்பு வேறு. காற்று நீலத்தை அதிகம் மறைப்பதால் சிவப்பையும் நீலத்தையும் ஒப்பிட்டால் உயரத்துக்கேற்பப் பிழை மாறும். 2.29 உள்ள எப்சிலான் ஸ்கார்ப்பி நிலையானது, ஆனால் ஆரஞ்சு நிறம். நிறத் திருத்தம் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

லென்ஸைச் சற்று ஃபோகஸ் விலக்கி, விண்மீனைப் பத்துப் பதினைந்து பிக்சல் வட்டமாக விரியுங்கள். 14 பிட் கேமராவில் உச்சம் 16,383; 10,000-க்குக் கீழேயே நிறுத்துங்கள். விண்மீன் மினுக்கம் அடங்க, ஒவ்வொரு அளவுக்கும் மொத்தம் ஒரு நிமிட ஒளியாவது சேர வேண்டும். பச்சைப் பிக்சல்களை மட்டும் எடுத்தால் வி பட்டைக்குக் கிட்ட வரும். கேமரா ஐ.எஸ்.ஓ. 400-ஐத் தாண்ட வேண்டியதில்லை. லென்ஸை மூடி எடுத்த இருள் படமும், சீரான வெளிச்சத்தில் எடுத்த படமும் கட்டாயம். ஓரங்களில் லென்ஸ் ஒளியை இழப்பதைப் பின்னதுதான் சரிசெய்யும். இவ்வளவும் செய்தால் 0.03 வரை வரலாம்.

கே: இதே கீற்றணியால் சித்திரை விண்மீனின் (ஸ்பைகா) வேகத்தை அளக்க முடியுமா? பக்கவாட்டு நகர்வை?
— பண்ருட்டி ஆசிரியர்

முடியாது. 486 நானோமீட்டரில் 0.4 என்பது நொடிக்கு 247 கி.மீ.க்குச் சமம், அதுவும் ஒரு பிக்சலுக்கு, மங்கல் தனி. சித்திரை 4.0145 நாளில் சுற்றும் இரட்டை. முதல் விண்மீனின் வேகம் ±120, துணையினது ±190 கி.மீ. அளவு. இரண்டும் மிகவும் விலகும்போது வரிகள் 0.5 நானோமீட்டர் பிரியும். ஒளி நுழையும் குறுகிய பிளவு, அளவுகோலுக்கு நியான்–ஆர்கான் விளக்கு, 10,000 பிரிதிறன் உள்ள நிறமாலைமானி இருந்தால் அழகாகத் தெரியும்.

அங்கே இரண்டு தடுக்கல்கள். சித்திரை சூரியப் பாதையை ஒட்டியிருப்பதால் பூமியின் 29.8 கி.மீ. வேகம் முழுதாகக் கலக்கும். தேதிக்கேற்பக் கழிக்காவிட்டால் ஆண்டு முழுதும் வளைவு ஆடும். இன்னொன்று, சுற்றுக்காலம் ஏறக்குறைய நேராக 4 நாள். தினமும் இரவு 10 மணிக்கே எடுத்தால் சுற்றின் நான்கு புள்ளிகள்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். சாயங்காலம், நள்ளிரவு, விடியல் என்று நேரத்தை மாற்றுங்கள். பொதுவாகவே சூடான விண்மீன்கள் வேகம் அளக்கச் சங்கடமானவை: வரிகள் கொஞ்சம், வேகமாகச் சுழல்வதால் அவையும் அகலம்.

பக்கவாட்டு நகர்வு மாடியில் வைத்து ஆகிற காரியம் அல்ல. ரிகெல் ஆண்டுக்கு 1.4 மில்லி வில்விநாடிதான் (வில்விநாடி என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. அதை வில்விநாடியாக்கி, சுமார் 264 பார்செக் தொலைவாலும் 4.74-ஆலும் பெருக்கினால் நொடிக்கு 1.75 கி.மீ. மிகப் பிரகாசமானவை கையா விண்கலத்துக்கே கண்கூசும் என்பதால் ரிகெலுக்கு இன்றும் அதற்கு முந்தைய ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் அளவுதான். வேகமாக ஓடுபவையும் உண்டு: ஏ.இ. ஆரிகே, மியூ கொலம்பே என்ற விண்மீன்கள் இரண்டும் ஓரியன் பக்கத்திலிருந்து எதிரெதிர்த் திசையில் நொடிக்கு 100 கி.மீ. அளவில் விரைகின்றன. வானியலாளர்கள் பிளாவும் மார்கனும் 1954-இல் எழுதியது இது.

கே: கீற்றணியில் உப்புப் படலம் படிகிறது. துடைக்கலாமா?
— அரியாங்குப்பம் வாசகர்

துணி படவே கூடாது. கோடுகள் திறந்திருக்கும் வகை என்றால் காற்றூதும் ரப்பர் பந்து மட்டும். இரு கண்ணாடிகளுக்கு நடுவே மூடிய வகை என்றால், காற்றூதிய பிறகு வெளிக்கண்ணாடியை லென்ஸ் திரவத்தால் மெல்ல ஒற்றி எடுக்கலாம். பனி படியாமல் இருக்க 12 வோல்ட் சூட்டுப் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து எடுங்கள்.