+1 எண்டு தொடங்கிற நம்பர் கனடாவா, அமெரிக்காவா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நீங்கள் கனடாவுக்குப் புதுசு எண்டு நினைக்கிறன். ரெண்டு நாடும் இல்லாமலும் இருக்கலாம், கவனம். அது தெரியாமல் 38 டொலர் கட்டினவன் சொல்லுறன்.

1 எண்டது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய கோட் இல்லை. 1947இல ஏடி அன்ட் டி எண்ட அமெரிக்க போன் கொம்பனி அமெரிக்காவையும் கனடாவையும் ஒண்டாச் சேர்த்துப் போட்ட திட்டம். பிறகு கன கரீபியன் தீவுகளும் அதுக்குள்ள வந்திட்டுது (மெக்சிகோவும் கியூபாவும் இல்லை). 1க்குப் பின்னால வாற மூண்டு இலக்கத்தைத்தான் பாக்கவேணும்: 416 டொரோண்டோ, 212 நியூயோர்க், 876 ஜமேக்கா, 868 டிரினிடாட், 473 கிரெனடா. முந்தி அந்தத் தீவுகளுக்கெல்லாம் 809 ஒண்டுதான். தொண்ணூறுகளின்ர நடுவில இருந்து ஒவ்வொண்டாப் பிரிச்சுக் குடுத்தவை. 809 இப்ப டொமினிக்கன் குடியரசுக்கு.

என்ர கதை 473. நான் கண்ட இடமெல்லாம் வேலைக்கு எழுதிப் போட்டிருந்த காலம். இரவு ஒரு மிஸ்ட் கோல், ஒரே ஒரு மணி. டொரோண்டோவுக்கே 647, 437 எண்டு புதுப்புது நம்பர் வருது, இதுவும் அப்படி எண்டு நினைச்சுத் திருப்பி அடிச்சன். பாட்டுப் போகுது. வேலைக்கு எடுக்கிறவை பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறது வழமைதானே! பதினொரு நிமிசம் மரியாதையாக் காத்திருந்தன்.

பில் வர போன் கொம்பனிக்கு அடிச்சுக் கத்தினன். "நீங்கள்தானே அடிச்சனீங்கள்" எண்டினம். காசு திரும்பி வரேல்ல.

"கூகிள்ல பாத்திருக்கலாமே" எண்டு கீழ எழுத வாறவைக்கு: யாழ்ப்பாணத்துக்கு அடிக்க, வெளிநாட்டுக்கெண்டு இருக்கிற 011ஐ முன்னால போட்டு 011 94 21 எண்டு நீட்டி அமத்தவேணும். அமத்தேக்கையே வெளிநாடு எண்டு விரலுக்குத் தெரியும். கிரெனடாவுக்கு 011 தேவையில்லை. வன்கூவருக்கு 1 604 எண்டு அடிக்கிற மாதிரியேதான் 1 473உம். காசு மட்டும் வெளிநாட்டுக் காசு. இதில ஏமாந்தவனை மொக்கன் எண்டா என்ன நியாயம்?

எங்கட அண்ணரும் அப்படித்தான் சிரிச்சவர். அவரிட்ட இருக்கிறது 416, முந்தி வந்து எடுத்தது. என்ர 647ஐக் கண்டா "நேற்று வந்தவையின்ர நம்பர்" எண்டு கலியாண வீட்டிலயும் சொல்லுவார். 647 வந்தது 2001இல. அண்ணர் வந்தது 1999இல. ரெண்டே ரெண்டு வருசம், அதுக்கு இந்த எடுப்பு!