மூட்டு நீரில் கால்சியப் படிகம்: பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. திடீரென்று வலது முழங்கால் வீங்கிச் சிவந்துவிட்டது. ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்ததில் 'கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்கள்' என்று ரிப்போர்ட். யூரிக் அமிலம் 5.4தான். பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிடலாமா? யூரிக் அமிலப் படிகத்தால் மூட்டு வீங்கும் கவுட் நோய்க்குத் தரும் அலோபியூரினால் கொடுக்கலாமா?

பதில்: பாலை நிறுத்தாதீர்கள். குருத்தெலும்பு செல்கள் வெளியேற்றும் பைரோபாஸ்பேட், அங்குள்ள கால்சியத்தோடு சேர்ந்து பல ஆண்டுகளாகப் படிந்ததுதான் இது. சாப்பாட்டுக் கால்சியத்தால் வருவதல்ல. மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். படிந்தது உதிர்ந்து மூட்டு நீரில் கலக்கும்போது வெள்ளையணுக்கள் அதை விழுங்க வருகின்றன. வீக்கமும் சூடும் அதனால்தான்.

அலோபியூரினாலும் வேண்டாம். அது யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து. இந்தப் படிகத்தை எதுவும் செய்யாது. கவுட்டையும் இந்தப் பைரோபாஸ்பேட் வீக்கத்தையும் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, ஏனென்றால் கவுட் தாக்கும் நேரத்திலும் யூரிக் அமிலம் சரியான அளவில் இருக்கலாம். மூட்டு நீர்தான் சாட்சி. 1961, 62இல் அமெரிக்காவில் டேனியல் மெக்கார்ட்டி குழுவினர் ஒரே திசையில் அதிரும் ஒளியில் படிகங்களைக் காட்டும் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் இதைக் காட்டினார்கள். கவுட்டின் யூரிக் அமிலப் படிகமான யூரேட் ஊசிபோல நீண்டு பளிச்சென்று மின்னும். நுண்ணோக்கியில் நிறம் பிரித்துக் காட்டச் செருகும் ஈடுசெய் தட்டின் அச்சுக்கு இணையாகக் கிடந்தால் மஞ்சள். பைரோபாஸ்பேட் பெரும்பாலும் சாய்சதுரம், மங்கல். இணையாகக் கிடந்தால் நீலம். மங்கலாக இருப்பதால் அவசரப் பார்வைக்குத் தப்பிவிடும். எடுத்த நீரை நாள்கணக்கில் வைத்தாலும் எண்ணிக்கை குறையும். ஆக்ஸலேட் கலந்த குழாயில் எடுத்தால் அந்த உப்பே படிகமாகத் தெரிந்து ஏமாற்றும்.

மூட்டு நீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். படிகமும் கிருமித் தொற்றும் ஒரே மூட்டில் சேர்ந்து இருக்கலாம். தொற்று இல்லை என்று உறுதியான பிறகே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி.

படிகத்தைக் கரைக்கும் மருந்து இதுவரை இல்லை. நீரை வடிப்பது, ஐஸ் ஒத்தடம், ஓய்வு, வீக்கத்தைத் தணிக்கும் கால்ச்சிசின் மாத்திரை 0.5 மி.கி. தினம் ஒன்று அல்லது இரண்டு என்பதே வழக்கமான சிகிச்சை. சிறுநீரகம் பலவீனமானால் இந்த அளவையும் குறைக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு கால்ச்சிசினைச் சேர்த்துக் கொடுப்பது ஆபத்து. வயிற்றுப்போக்கு தொடங்கினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கக்கூடும், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

இந்தப் படிகம் படிய வேறு கோளாறு காரணமா என்றறிய, ரத்தத்தில் கால்சியம், மக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள். நீர் மாத்திரையோ, நெடுநாளாக அசிடிட்டி மாத்திரையோ எடுத்தால் மக்னீசியம் குறைந்திருக்கலாம். அந்த மருந்துச் சீட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, காலை அசைக்கவே முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.