பாறைச்சுவர் அடியில் ஒரு நாள் நடை: கேள்வி பதில்

பாறையேறுபவர்கள் பழகும் செங்குத்துப் பாறைகளின் அடியை ஒட்டிக் குழுவாக நடக்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

நாங்கள் பாறை ஏறப் போவதில்லை, கீழே நடக்கத்தான் போகிறோம். ஹெல்மெட் எதற்கு சார்?

மேலே ஏறுகிறவரின் கால் பட்டு உருளும் கல் கீழே இருப்பவர் மேல்தான் விழும். 30 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் கல் இரண்டரை விநாடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 87 கிலோமீட்டர். எலுமிச்சம்பழ அளவுக் கல்லே மண்டையை உடைத்துவிடும்.

இஎன் 12492 என்ற ஐரோப்பியத் தர முத்திரையுள்ள மலையேற்ற ஹெல்மெட்டே வேண்டும். 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் போட்டுப் பார்த்திருப்பார்கள். கூர்முனை குத்தினால் உள்ளே இறங்குகிறதா என்றும் சோதித்திருப்பார்கள். சைக்கிள் ஹெல்மெட்டுக்கு இந்தக் குத்துச் சோதனை கிடையாது. அதன் உச்சியில் உள்ள நீளத் துளைகளைப் பார்த்தாலே காரணம் புரியும்.

மேலிருந்து "கல்!" என்று கத்தினால் நிமிரக் கூடாது என்கிறார்களே. பார்த்தால்தானே ஒதுங்க முடியும்?

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுவரிலிருந்து ஓரிரண்டு அடி தூரத்தில் என்றால் நிமிராதீர்கள், முகம்தான் அடிபடும். சுவரோடு ஒட்டி நில்லுங்கள். முதுகுப் பையைக் கழற்ற வேண்டாம், கையால் பின்கழுத்தை மூடுங்கள். கல் துள்ளித் துள்ளி வருவதால் பெரும்பாலும் வெளிப்பக்கமாகவே விழும். கீழே சரிவில் நன்றாகத் தள்ளி இருந்தால் நேர்மாறு: கல்லைப் பார்த்து, கடைசித் துள்ளலுக்குப் பிறகு பக்கவாட்டில் விலகுங்கள். முன்கூட்டியே ஓடினால் கல் திசை மாறி உங்கள் பக்கமே வரலாம்.

பாறை நிழல் அருமையாக இருக்கிறது. அங்கேயே சாப்பிட உட்காரலாமா?

கூடவே கூடாது. நடந்து கடக்கும் இரண்டு நிமிடத்தைவிட உட்கார்ந்திருக்கும் நாற்பது நிமிடம்தான் ஆபத்து. உட்காருமுன் தரையைப் படியுங்கள். பழைய கற்கள் மங்கலாக, பாசியும் கல்பூவும் படர்ந்து, மண்ணில் பாதி புதைந்திருக்கும். புதிதாக விழுந்த கல்லின் உடைந்த முகம் வெளிறி இருக்கும், விளிம்பு கையைக் கிழிக்கும். அடியில் புல் இன்னும் பச்சையாக நசுங்கிக் கிடக்கும். அதன் அருகே பாதைக்கல்லில் மாவு அப்பியதுபோல் வெள்ளைத் தழும்பும் தெரியும். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அங்கே தண்ணீர் குடிக்கக்கூட நிற்க வேண்டாம். புதுக்கற்களில் எது மிகத் தூரம் உருண்டு போயிருக்கிறதோ அதையும் தாண்டிப் போய் உட்காருங்கள்.

மழை பெய்த மறுநாள் கூடுதல் கவனம் தேவை. இரவில் பனி உறையும் மலையில் காலை வெயில் சுவரில் பட்டதும் கல் உதிரத் தொடங்கும். விரிசலில் கல்லைப் பிடித்திருந்த பனிக்கட்டி உருகுவதுதான் காரணம்.

சரளைச் சரிவில் வரிசையாகப் போகலாமா, ஒவ்வொருவராகவா?

குறுக்கே கடப்பதானால் ஒவ்வொருவராக, மற்றவர்கள் ஓரத்தில் நின்று மேலே கண் வைத்தபடி. நேராக இறங்கியே ஆகவேண்டும் என்றால் நெருக்கமாகப் போங்கள். மேலே இருப்பவர் உருட்டும் கல் வேகம் பிடிக்குமுன் கீழே இருப்பவர் காலில் நின்றுவிடும். இருபதடி இடைவெளி விட்டு ஒருவருக்குக் கீழே ஒருவர் இறங்குவதுதான் மோசமான வழி.

12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம், பத்துப் பேர். எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா?

ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்களுக்கு 3 மணி 24 நிமிடம் வரும். அது நல்ல பாதையில் நடக்கும் ஒற்றை ஆளுக்கு. பாறைக்குவியலும் பத்துப் பேரும் என்றால் பாதி சேர்த்து 5 மணி, நிறுத்தங்களோடு 6. திரும்பும் நேரத்தைக் கிளம்புமுன்னே முடிவு செய்யுங்கள். முதலுதவிப் பை கடைசியில் வருபவரிடம் இருக்கட்டும்: அடிபட்டவர் பெரும்பாலும் பின்னால்தான் இருப்பார், முன்னால் போனவரைத் திரும்பக் கூப்பிடுவது பெரும்பாடு.

ஏறுபவர்கள் இருந்தால் பேசலாமா?

கயிறு பிடித்து நிற்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் கவனம் மேலே இருக்க வேண்டும். தரையில் கிடக்கும் கயிற்றை மிதிக்காதீர்கள்; செருப்பின் அடியில் ஒட்டிய மணல் கயிற்றின் மேலுறைக்குள் புகுந்து இழையை அறுக்கும்.

இடி இடித்தால் பாறைக் குடைவுக்குள் ஒதுங்கலாம்தானே?

ஆழமில்லாத குடைவு எலிப்பொறி மாதிரி. பாறையில் இறங்கும் மின்சாரம் வாய்ப்பகுதியின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும், நடுவில் நீங்கள் இருப்பீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவு என்றால் சுவரை விட்டு இறங்கிவிடுங்கள், இடைவெளி விட்டு நடங்கள், ஒற்றை மரத்தடியில் நிற்காதீர்கள்.

பாறையில் தேனடை தொங்கினால்?

சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். கொட்டினால் அடித்து நசுக்காதீர்கள், அந்த வாடை மற்றதையும் அழைத்து வரும். முகத்தை மூடிக்கொண்டு, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தபடி விரைவாக விலகுங்கள்.

யாராவது நடக்க முடியாமல் போனால் விசில் எப்படி ஊதுவது?

நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மீண்டும் ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். பதில் வந்த பிறகும் ஊதுங்கள். உங்களைத் தேடி வருபவர் சத்தத்தை வைத்துத்தான் திசை பிடிப்பார்.