பெயர் ஒன்றாக இருந்தும் அனுமதி மறுக்கப்படுவது ஏன்?

உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் சேமித்த கோப்பை, பயனர் பெயர் ஒன்றாகவே இருந்தும், ஃபெடோரா என்னும் மற்றொரு லினக்ஸில் திருத்த முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸில் வழக்கமான இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை உரிமையாளரின் பெயரைப் பதிந்துவைப்பதில்லை. ஒவ்வொரு கோப்பின் ஐநோடிலும் (கோப்பைப் பற்றிய விவரப் பதிவு) யுஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) என்னும் எண்களையே எழுதுகிறது. அந்த எண்ணுக்குரிய பெயரை ஒவ்வோர் இயங்குதளமும் தன் சொந்தப் பயனர் பட்டியலில் தேடிக்கொள்வதால், ஒன்றில் 1000 ஆகவும் மற்றொன்றில் 1001 ஆகவும் உள்ள ஒரே பெயர், இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பொறுத்தவரை இரு வேறு ஆட்கள்.

இன்றைய பதிப்புகளில் முதல் பயனருக்கு இரண்டுமே 1000 தருவதால், உங்கள் கணக்கு ஏதோ ஒன்றில் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும். இரண்டிலும் 'ஐடி' (id) கட்டளையை இயக்கி எண்களை ஒப்பிடுங்கள். வேறுபட்டால், இரண்டிலும் ஒன்றாக அமையும்படி, வேறு யாருக்கும் தரப்படாத எண்ணாகப் பார்த்து, அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிய பின் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) நுழைந்து 'யூசர்மாட்' (usermod) கட்டளையால் மாற்றுங்கள். முகப்பு அடைவுக்கு வெளியே உள்ள பழைய கோப்புகளை மட்டும் உரிமையாளரை மாற்றும் 'சிஹெச்ஓன்' (chown) கட்டளையைக் கொண்டு தனியே மாற்ற வேண்டியிருக்கும்.

கோப்பின் அனுமதியை 777 என்று மாற்றி எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லும் அறிவுரை எளிதில் கிடைக்கும். ஆனால் புதிய கோப்புகள் மீண்டும் யுமாஸ்க்கின் (புதிய கோப்புகளுக்கான அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) படியே உருவாகும் என்பதால் அது நிலைக்காது, பாதுகாப்பும் இல்லை. விண்டோஸுடன் பகிரும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) பார்ட்டிஷன் வேறு கதை: அங்கே யுஐடியையும் யுமாஸ்க்கையும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் மவுண்ட் விருப்பங்களாக (பார்ட்டிஷனை இணைக்கும்போது பொருந்தும் அமைப்புகள்) குறிப்பிடுவதே வழக்கம்.