“என்னால் முடியவில்லை” என்று கிளினிக்கில் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மாமிக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது மறதியும் கூடி, ராத்திரி முழுக்கச் சத்தம் போடுகிறார். தூங்க வைக்கப் பார்மசியில் பிரிட்டோன் குளிசை வாங்கிக் கொடுக்கிறேன். சில நாள் நானும் போடுகிறேன். கணவர் கொழும்பில் கடை வேலை. எனக்குத் தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு, கை விறைப்பு, முடியும் கொட்டுகிறது. யூடியூப்பில் மூளைக் கட்டி, இருதய அடைப்பு என்கிறார்கள். போன கிழமை ஆத்திரத்தில் மாமியின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் இப்படியே கண் மூடிவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. இதையெல்லாம் டொக்டரிடம் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். மாமியின் அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே சொல்ல வேண்டும்.

முதலில் யூடியூப்பை மூடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் மூளைக் கட்டியைக் காட்டும் அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் கை விறைப்பது மணிக்கட்டு நரம்பு நசுங்குவதால் இருக்கலாம். படபடப்புக்கும் முடி கொட்டுவதற்கும் இரத்தச்சோகையா, தைரொய்ட்டா என்று ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். ஆனால் நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினால் உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. “கண் மூடிவிட்டால் நல்லது” என்ற அந்த நினைப்பு. வருடக்கணக்கில் தூக்கம் கெட்டு, ஆள் மாற்றில்லாமல் நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது சாதாரணமாக நடப்பது. அது வைத்தியம் இருக்கிற நோய். நீங்கள் கெட்டவராகிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நினைப்பு அடிக்கடி வந்தாலோ, எப்படி என்று மனம் கணக்குப் போடத் தொடங்கினாலோ, அன்றைக்கே நீங்கள் நம்புகிற ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், எந்த நேரமானாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம். ராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

மாமியின் கையை இழுத்ததும் இதே நோயின் இன்னொரு முகம்தான். அடுத்த தடவை ஆத்திரம் ஏறினால், அவர் படுக்கையில் விழாமல் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இஸ்தோப்புக்கு, முன் திண்ணைக்கு, வந்துவிடுங்கள். பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: “நான் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் மாமியோட இரு.” அது இருவருக்கும் பாதுகாப்பு.

அப்புறம் அந்தப் பிரிட்டோன். சளி, அரிப்புக்குக் கொடுக்கிற குளிசையைத் தூக்கத்துக்குக் கொடுக்கச் சொன்னது யார்? மறதியுள்ள முதியவருக்கு அது குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரைக் கட்டும், மலச்சிக்கலைத் தரும், விழவும் வைக்கும். ராத்திரிச் சத்தத்துக்கு அந்தக் குளிசையே பாதிக் காரணமாக இருக்கலாம். நிறுத்துங்கள், நீங்களும் போடாதீர்கள். கிளினிக்கில் கொடுத்த மற்ற மருந்துகளைத் தொடாதீர்கள். மாமிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, முதுகிலும் குதிகாலிலும் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் சத்தம்தான் போடுவார்கள்.

இனி டொக்டரிடம் எப்படிச் சொல்வது? கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன்: சக்கர நாற்காலிக்குப் பின்னால், கொழுந்துக் கறை போகாத விரல்களில் கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் பிடித்தபடி ஒரு பெண் நிற்பார். டொக்டர் பிரஷர் பார்ப்பார், மருந்து எழுதுவார், அடுத்த ஆள். நிற்கிறவரிடம் எதுவும் கேட்க நேரமிருக்காது. அவரும் வாய் திறக்க மாட்டார். அதனால் உட்கார்ந்ததும் முதல் பேச்சாக நீங்களே சொல்லுங்கள்: “டொக்டர், இவங்களப் பார்க்கிறது நான் ஒருத்திதான். எனக்குத் தூக்கமில்ல, என்னால முடியல, தப்பான நினைப்பு வருது.” வாயால் வரவில்லை என்றால் துண்டுத் தாளில் எழுதிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். இப்படிக் கேட்ட டொக்டர் எவரும் மருந்து மட்டும் எழுதி அனுப்பக் கூடாது.

பிறகு கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்கள் பெயரில் தனியாக மனநலக் கிளினிக்குக்கு ஒரு கடிதம். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை உங்களுக்குத் தூரமில்லை. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம். பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் உங்கள் பகுதியில் இருந்தால் வீட்டுக்கே வந்து புண் கட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும் பழக்கித் தருவார். மூன்றாவது, மாமியின் நிலையை எழுதிய வைத்தியச் சான்றிதழ். மாற்றுத்திறனாளி உதவிப் பணத்துக்கும் சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பிக்க அது வேண்டும். அதோடு கிராம உத்தியோகத்தரின் கையெழுத்தையும் வாங்கிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். சிங்களப் படிவம் நீட்டினால் தமிழில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. இதற்கெல்லாம் அரைப்பேர், அரை நாள் சம்பளம், போகும் என்று யோசிப்பீர்கள், புரிகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். உங்களுக்கான மனநலக் கிளினிக் கடிதம்தான் முதலில்.

கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கவனிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல்தான் வைத்திருக்கிறது. மருமகள் தனியாகச் சுமக்கட்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கிளினிக் நாளை அவருக்குச் சொல்லி லீவு எடுத்து வரச் சொல்லுங்கள். “மகனிடம் நீங்களே பேசுங்கள்” என்று டொக்டரிடம் கேளுங்கள். வீட்டில் எடுபடாத பேச்சு அங்கே எடுபடும். மாதத்தில் இரண்டு ராத்திரியாவது அவரோ அவருடைய சகோதரர்களோ மாமியோடு படுக்கட்டும். அந்த ராத்திரிகளில் நீங்கள் வேறு காம்பராவில் தூங்குங்கள்.