இருண்ட இரவில் நின்றுபோன சகோதரிக்கு

சகோதரி, ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவை யோவானின் ‘இருண்ட இரவு’ புத்தகத்தில் இருபது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, என் விசுவாசத்தில்தான் குறையோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படியெல்லாம் இல்லை. அது எட்டுச் சரணப் பாட்டுக்கு அவரே எழுதிய உரை. மூன்றாம் சரணத்தைத் தொட்டதுமே நின்றுவிடுகிறது. முதலில் பாட்டை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். 1577-78இல் டொலிடோவில் அவர் சபைத் துறவிகளே அவரை ஒரு சின்ன அறையில் அடைத்து வைத்திருந்தார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

இங்கே யாங்கோனில் கரண்ட் போன ஒரு மழை ராத்திரியில் நான் படித்தேன். மெழுகு சொட்டிய கறை அந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அப்பவும் உரை பிடிபடவில்லை!

சரி, அதை மூடிவிட்டுச் சகோதரர் லாரன்ஸின் கடிதங்களை எடுங்கள். 17ஆம் நூற்றாண்டில், பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையல்கட்டில், சட்டி பானைக்கு நடுவே ஜெபித்தவர். நாளுக்கு ஒரு கடிதம் போதும்.